ஒகாடா வீட்டுக் கோழிகளுக்கு ஒரு சேவல்

"தெலூர் தடா!"

முட்டை இல்லை என்பதைத் தனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில் கத்தினான் ஒகாடா. கத்திக்கொண்டே காலிக் கூடையைச் சமையல்காரர் கபீரின் மூக்குக்கு நேரே ஆட்டினான்.

மலாக்காவின் காஜா பெராங் பகுதியில், ஜப்பான்காரன் வந்ததும் வெள்ளைக்கார டாக்டர் ஒருவர் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடிப்போன பங்களா அது. இப்போது ஒகாடாவின் வீடு. உணவுப்பொருள் அலுவலகத்துக்கு அவன்தான் பெரிய அதிகாரி. பங்களாவின் பின்பக்கம் நாலு பெட்டைக் கோழிகள் வளர்த்தான். ஊரில் மனிதர்கள் மரவள்ளிக்கிழங்கைத் தின்று கால் வீங்கிக் கிடந்த காலத்தில் அந்த நாலு கோழிகளும் அரிசி தின்றன. அப்படித் தின்றும் முட்டை மட்டும் இல்லை.

கபீர் கையைக் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு நின்றார். ஒகாடாவின் வலது கை மெல்ல மேலே எழுந்தது. அந்தக் கை எழுந்தால் அடுத்து என்ன நடக்கும் என்பது மலாக்காவில் இருந்த எல்லாக் கன்னங்களுக்கும் தெரியும்.

அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்க வேண்டியவர் ஒகாடாவின் அலுவலகக் குமாஸ்தா, கிராணி கலியாணசுந்தரம். காலையில் கையெழுத்துக்குக் காகிதக் கட்டைத் தூக்கிக்கொண்டு பங்களாவுக்கு வருவது அவர் வேலை. கோழிக்கும் அவருக்கும் உள்ள சம்பந்தம் குழம்போடு சரி. ஆனால் தனக்குத் தெரியாத விஷயம் ஒன்று கண்ணெதிரே நடந்தால் அவரால் சும்மா இருக்க முடியாது. தெரிந்த விஷயங்களைப் பற்றி அவர் பேசுவது குறைவு. அவை எண்ணிக்கையிலும் குறைவு.

"துவான்!" என்று எஜமானை விளித்து இடுப்பு வரை குனிந்தார். "கபீர் மேல் தப்பில்லை. கோழி மேலும் தப்பில்லை. இங்கே சேவல் இல்லை. சேவல் இல்லாமல் பெட்டை எப்படி முட்டை போடும்? புருஷன் இல்லாமல் பெண் பிள்ளை பெறுவாளா?"

எழுந்த கை நின்றது. ஒகாடா பட்டணத்தில் பிறந்து வளர்ந்தவன். முட்டை கடையிலிருந்து வருகிறது என்பது வரைதான் அவனுக்குத் தெரியும். அவன் கபீரைப் பார்த்தான்.

கபீர் கிராணியைப் பார்த்தார். ஒரு கணம் உற்றுப் பார்த்தார். பிறகு அவர் முகம் முழுக்க ஒரு வெளிச்சம் பரவியது.

"அதேதான் துவான்! என் நாக்கு நுனியில இருந்ததைக் கிராணியார் சொல்லிட்டாரு. படிச்சவரு இல்லையா? சேவல் இல்லாம முட்டையா? அல்லா படைப்புலயே கெடையாது!"

ஒகாடா கையை இறக்கிக் கிராணியின் தோளில் வைத்தான். "கோழி உனக்குத் தெரியும். நல்லது. இனி நீதான் பொறுப்பு. சேவல் கொண்டு வா. முட்டை வர வேண்டும்." கொஞ்சம் நிறுத்தி, "வரவில்லை என்றால், சயாம்" என்றான்.

சயாம் என்றால் என்ன என்று யாரும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அங்கே காட்டுக்குள் ரயில்பாதை போட லோரி லோரியாக ஆட்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். கிராணியின் பக்கத்து வீட்டு மருதமுத்து பசாருக்குக் கீரை வாங்கப் போனான்; அவனை அப்படியே ஏற்றிவிட்டார்கள். கீரைப் பை மட்டும் வீடு வந்து சேர்ந்தது.

ஒரு கன்னத்தில் விழ வேண்டிய அறையைத் தடுத்து அதைத் தன் உயிருக்கே ஆபத்தாக மாற்றிக்கொண்ட சாமர்த்தியசாலி, அன்று மாலை வீட்டுக்கு வந்து நடந்ததைப் பெருமையாகத்தான் சொன்னார்.

மனைவி கோகிலா கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் கோழிகளோடு வளர்ந்தவள்.

"முட்டை போடச் சேவலா? எந்த மடையன் சொன்னது?"

"நான்தான் சொன்னேன்."

"அதான பார்த்தேன். பெட்டை பருவத்துக்கு வந்தா தானா முட்டை போடும். குஞ்சு பொரிக்கணும்னாத்தான் சேவல் வேணும். இது லயத்துல கைப்பிள்ளைக்குக்கூடத் தெரியும்."

"அது தோட்டத்துக் கோழி. இது பங்களாக் கோழி. அரிசி தின்ற கோழி. அதோட சங்கதியே வேற."

"ஆமாமா. அரிசி தின்னா அதுக்குத் தாலி கட்டுனாத்தான் முட்டை வரும்."

கிராணி, படிக்காதவளோடு என்ன பேச்சு என்று சேவல் தேடப் புறப்பட்டார்.

சேவல் அத்தனை சுலபமாகக் கிடைக்கவில்லை. பஞ்சம் வந்ததும் எல்லா வீட்டிலும் முதலில் சட்டிக்குள் போனது சேவல்தான். அது முட்டையும் போடாது, வாயையும் மூடாது. விடிந்ததும் கூவி, இந்த வீட்டில் கோழி இருக்கிறது என்று தெருவில் போகும் சிப்பாய்க்குத் தகவல் சொல்லும். அதனால் ஊரில் ஒளித்து வளர்த்த பெட்டைகள் சில இருந்தன. சேவல் என்ற பிராணியை மட்டும் காணோம்.

கடைசியில் ஒன்று அகப்பட்டது. நல்லையா வீட்டு வாசலில் அது பயமில்லாமல் உலாத்திக்கொண்டிருந்தது. நல்லையா மலாக்காச் செட்டி. பெயர் தமிழ், கும்பிடும் சாமி தமிழ்ச் சாமி, வீட்டுப் பேச்சு மட்டும் மலாய். கிராணியும் மலாயில்தான் பேரம் பேச வேண்டியிருந்தது.

"இது மாரியம்மனுக்கு நேர்ந்துவிட்ட சேவல்" என்றார் நல்லையா. "மகனுக்கு அம்மை போட்டபோது வேண்டிக்கொண்டது. அதனால்தான் யாரும் இதன் மேல் கை வைக்கவில்லை."

"துவான் ஒகாடா கேட்கிறார்."

"அம்மன் அவரைவிடப் பெரியவள்."

"என்னைச் சயாமுக்கு அனுப்பிவிடுவான் ஐயா!"

நல்லையா கிராணியைப் பரிதாபத்தோடு பார்த்தார். பிறகு அவர் பார்வை, கிராணி சாய்த்து வைத்திருந்த சைக்கிள் பக்கம் போனது. அதையும் பரிதாபத்தோடுதான் பார்த்தார்.

"மணி அடிக்கிறதா?"

கிராணி அடித்துக் காட்டினார்.

"சரி. சைக்கிளை விட்டுவிட்டுப் போங்கள். அம்மனிடம் நான் பேசிக்கொள்கிறேன்."

தினமும் எண்ணெய் போட்டுத் துடைத்து, மழையில் நனைந்தால் வீட்டுக்குள் கட்டிலோரம் நிறுத்திக் காப்பாற்றிய சைக்கிள். அதைக் கொடுத்துவிட்டு, சேவலை அக்குளில் இடுக்கிக்கொண்டு கிராணி நடந்து வந்தார். வழியெல்லாம் அது அவர் சட்டைப் பொத்தானைக் கொத்தியது.

சேவலைப் பார்த்ததும் ஒகாடாவின் முகம் சுருங்கியது. அதன் கழுத்தில் ஓர் இறகுகூட இல்லை. தலையில் கொஞ்சம், உடம்பில் நிறைய. நடுவே கழுத்து மட்டும் சிவப்பாக, மொட்டையாக நீண்டிருந்தது.

"சீக்கா?" என்றான் ஒகாடா.

"இல்லை துவான்! ஒசத்தி ஜாதி. கழுத்து மொட்டையாக இருந்தால்தான் குரல் தடங்கல் இல்லாமல் வரும். குரல் நன்றாக இருந்தால்தான் பெட்டைக்கு முட்டை ஊறும்."

பக்கத்தில் நின்ற கபீர், "என்னா அறிவு! என்னா அறிவு!" என்று தலையை ஆட்டினார்.

மறுநாள் புது வம்பு வந்தது. ஜப்பான்காரன் வந்ததும் மலாயாவில் எல்லாக் கடிகாரங்களையும் தோக்கியோ நேரத்துக்கு முன்னால் தள்ளி வைத்திருந்தார்கள். சேவலுக்கு அந்த உத்தரவு போய்ச் சேரவில்லை. அது சூரியனைப் பார்த்துத்தான் கூவியது. ஒகாடா இருட்டில் எழுந்து, சவரம் செய்து, சக்கரவர்த்தி இருக்கும் திசையை நோக்கி வணங்கி, உடுப்பையும் மாட்டி முடித்த பிறகுதான் சேவல் ஐயா மெதுவாகக் கூவினார்.

"பாக்கேரோ! முட்டாள்! இந்தச் சேவல் சோம்பேறி! என்னைவிடத் தாமதமாக எழுகிறது!"

"மரியாதை துவான்" என்று குனிந்தார் கிராணி. "துவான் எழுவதற்கு முன்னால் கூவினால் துவானை அதிகாரம் செய்வது போல ஆகிவிடாதா? அதனால் காத்திருந்து கூவுகிறது."

ஒகாடாவுக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. வெட்கம் என்பது கொஞ்சம் இருந்திருந்தால் சேவலே தலையைக் குனிந்திருக்கும். கிராணி நிமிர்ந்துதான் நின்றார்.

ஆனால் முட்டை வரவில்லை. சேவல் நாலு பெட்டைகளோடும் குடும்பம் நடத்தியது, அரிசி தின்றது, ஒகாடாவின் பூட்ஸைக் கொத்தியது. கூடை மட்டும் காலியாகவே கிடந்தது. ஒகாடா தினமும் வந்து கூடையைப் பார்ப்பான். பிறகு கிராணியைப் பார்ப்பான். பிறகு வடக்கே பார்ப்பான். சயாம் வடக்கேதான் இருந்தது.

கிராணிக்குச் சோறு இறங்கவில்லை. இறங்குவதற்குச் சோறும் இல்லைதான். அப்போதுதான் அவர் மூளையில் அந்த யோசனை உதித்தது. கோழி போடாவிட்டால் என்ன, நாமே போட்டுவிட்டால்?

பூங்காவனம் என்று ஒருத்தி மாலை நேரத்தில் வீடுகளின் பின்வாசல் பக்கம் கூடையோடு வருவாள். மேலே மரவள்ளிக்கீரை இருக்கும், அதற்கு அடியில் முட்டை இருக்கும். கள்ள வியாபாரம். பிடிபட்டால் தோலை உரித்துவிடுவார்கள். அதனால் அவள் பேசுவதும் குறைவு, பேரத்தில் இறங்கி வருவதும் குறைவு.

கிராணி ஜப்பான் நோட்டை நீட்டினார்.

"அந்த வாழைமரம் போட்ட காகிதமா?" என்று உதட்டைப் பிதுக்கினாள் பூங்காவனம். "அடுப்புக்குப் போட்டாக்கூடப் பொகையுது ஐயா. சாமான் ஏதாச்சும் இருந்தா குடுங்க. அந்தக் கொடைய வேணும்னாக் குடுங்க."

குடை போனது. கைப்பிடி உடைந்ததைச் சிவப்பு நூல் சுற்றிக் கட்டியிருந்த பழைய குடைதான். மூன்று முட்டைகள் வந்தன. அன்று மாலையே கிராணி பங்களாவின் பின்பக்கமாக நுழைந்து, கூண்டுக் கூடையில் அவற்றை வைத்துவிட்டு வந்தார். காலையில் ஒகாடாவுக்கு முன்னால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய்ப் பார்த்தார்.

கூடை காலி.

"ராத்திரி முட்டை கிட்டை ஏதாவது பார்த்தீங்களா கபீர் பாய்?"

"முட்டையா? நானா? இல்லையே!" கபீர் வானத்தைப் பார்த்தார். "போட்டதும் கோழியே குடிச்சிருக்குமோ? சில கோழிக்கு அந்தப் பழக்கம் உண்டு கிராணியார். சேவல் மேலயும் எனக்கு ஒரு சந்தேகந்தான்."

கிராணி சேவலை முறைத்தார். சேவலும் அவரை முறைத்தது.

அன்றிலிருந்து முறையை மாற்றினார். காலையில் காகிதக் கட்டுக்குள் முட்டைகளைப் பொதிந்து எடுத்து வருவார். ஒகாடா வந்து பார்ப்பதற்குச் சற்று முன், "சேவல் எப்படி இருக்கு பார்ப்போம்" என்று கூண்டுக்குள் குனிவார். ஒருநாள் குனிந்த இடத்தில் கபீர் வந்துவிட்டார்.

"கூடு சுத்தமா இருக்கான்னு பார்த்தேன் பாய்."

"பாருங்க, பாருங்க. நீங்க பார்த்தாத்தான் அதுங்களுக்கும் வருது" என்றார் கபீர். அவர் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு போனதைக் கிராணி இருமல் என்று எடுத்துக்கொண்டார்.

கூடையில் முட்டையைக் கண்ட ஒகாடா குழந்தையைப் போலக் கைதட்டினான். சுடுசோற்றில் பச்சை முட்டையை உடைத்து ஊற்றி, கிராணி பார்த்துக்கொண்டிருக்க உறிஞ்சிச் சாப்பிட்டான். "சேவல்! நல்லது! கிராணி! நல்லது!" என்றான். ஒரு வாய் சாப்பிடு என்று சொல்லவில்லை.

நல்ல பெயர் வாங்கியாகிவிட்டது. ஆனால் அன்றாடம் முட்டை வேண்டுமே! வீட்டிலிருந்து ஒவ்வொன்றாகப் புறப்பட்டது. கோட்டு போனது. சுவர்க் கடிகாரம் போனது. அது தோக்கியோ நேரம்தானே காட்டுகிறது என்று கிராணி மனதைத் தேற்றிக்கொண்டார். கோகிலாவின் பித்தளைக் குடம் போனது. கடைசியில் அவளுடைய கூறைப்புடவைக்கு வந்து நின்றது.

கோகிலா பெட்டியைத் திறந்து புடவையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"இதைக் கட்டிக்கிட்டுத்தான் உங்களுக்குக் கழுத்தை நீட்டுனேன். இதையும் அந்தப் பாழாப்போன கோழிக்கே குடுக்கணுமா?"

"உயிர் இருந்தா வேற புடவை வாங்கலாம்."

"வாய் சும்மா இருந்திருந்தா இந்தப் புடவையே இருந்திருக்கும்."

சொல்லிவிட்டு அவளே கொண்டுபோய்ப் பூங்காவனத்திடம் கொடுத்தாள். ஆளை ஏசுவது வேறு, ஆளைச் சயாமுக்கு அனுப்புவது வேறு. மருதமுத்துவின் கீரைப் பை அவள் கண்ணை விட்டு இன்னும் போகவில்லை.

இத்தோடு நின்றிருந்தால் கிராணி தப்பியிருப்பார். ஒகாடாவின் முட்டைப் புகழ் வெளியே பரவியது. ஊர் முழுக்கக் கோழி இளைத்துக் கிடக்க, ஒகாடா வீட்டில் மட்டும் தினமும் முட்டை என்பது பத்து பெரெண்டாம் என்ற ஊரின் விமானத் திடலில் இருந்த அவன் மேலதிகாரியின் காதுக்கு எட்டியது. அந்த நேரம் பார்த்து ஒரு பெட்டை அடைக்கு உட்கார்ந்தது. ஒகாடாவின் ஆசைக்கு இறக்கை முளைத்துவிட்டது.

"கிராணி! இனி இந்த முட்டைகளைத் தின்னப் போவதில்லை. அடை வைக்கப் போகிறேன். குஞ்சுகளை மேலதிகாரிக்குக் காட்டப் போகிறேன். சேவல் இருக்கிறது. குஞ்சு வரும்தானே?"

"வரும் துவான்" என்றது கிராணியின் வாய். அவரைக் கேட்காமலே சொல்லிவிட்டது.

அடுத்து வந்த நாட்களில் அவர் கொண்டுவந்த முட்டைகளை எல்லாம் ஒகாடா தன் கையாலேயே எடுத்து அடைக்கோழியின் வயிற்றுக்கடியில் வைத்தான். குஞ்சுக்குச் சேவல் வேண்டும் என்று கோகிலா சொன்னது கிராணிக்கு அப்போதுதான் உறைத்தது. பூங்காவனம் வந்ததும் வராததுமாகப் பிடித்துக்கொண்டார்.

"இந்த முட்டையெல்லாம் எந்த வீட்டுது? அங்கே சேவல் இருக்கா?"

பூங்காவனம் பின்னால் இரண்டடி நகர்ந்தாள். "அதெல்லாம் எதுக்குங்க கேக்கறீங்க?"

"சேவல் இருக்கா இல்லையா? அதைச் சொல்லு!"

"இந்தக் காலத்துல சேவலை வச்சுக் கூவவிட்டு யாருங்க மாட்டிக்குவா? சேவலும் இல்ல, ஒண்ணும் இல்ல. வெறும் பெட்டைங்கதான்."

கிராணி வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

உள்ளே இருந்து கோகிலாவின் குரல் வந்தது. "இப்பச் சொல்லுங்க. சேவல் எதுக்கு?"

"குஞ்சு பொரிக்க" என்றார் கிராணி. அத்தனை காலத்தில் கோழியைப் பற்றி அவர் சொன்ன முதல் உண்மை அது.

உயிருள்ள முட்டை வாங்கி மாற்றி வைத்துவிடலாம் என்று ஊரைச் சல்லடை போட்டார். பெட்டை வைத்திருந்தவர்கள் சிரித்தார்கள். ஊரில் இருந்த ஒரே சேவலைத்தான் அவர் சைக்கிள் கொடுத்து வாங்கிக்கொண்டு போய்ப் பங்களாவில் விட்டுவிட்டாரே! அங்கே இருக்கும் பெட்டைகளோ முட்டை போடாத மலட்டுக் கூட்டம். சேவல் ஓரிடம், முட்டை ஓரிடம். இந்த ஏற்பாட்டைச் செய்த கை அவருடையதேதான்.

எதற்கும் முன்கூட்டியே ஒரு சாக்குச் சொல்லி வைப்போம் என்று ஒகாடாவிடம் போய்க் குனிந்தார்.

"துவான், குஞ்சு பொரிப்பது அடைக்கோழியின் மனசைப் பொறுத்தது. சில சமயம் மனசு சரியில்லை என்றால்..."

ஒகாடா சிரிக்கவில்லை. "சேவல் நீ கொண்டு வந்தது. முட்டை உன் பொறுப்பு. குஞ்சு வருகிற நாளில் மேலதிகாரி இங்கே இருப்பார். குஞ்சு இல்லை என்றால் அன்றைக்கே சயாம் லோரி. கோழிக்கு மனசு சரியில்லை என்றால் நீ சரி செய்."

அதற்குப் பிறகு கிராணி தினமும் அடைக்கோழிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து அதன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அது எந்தக் கவலையும் இல்லாமல் கண்ணை மூடிக் கிடந்தது. கபீர் அந்தப் பக்கமாகப் போகும்போதெல்லாம் ஆறுதல் சொன்னார். "கவலைப்படாதீங்க கிராணியார். சேவல் இருக்குல்ல? குஞ்சு வராம எங்க போகும்?" ஒன்றும் தெரியாத மனிதர் என்று கிராணி மனதுக்குள் அவரை இகழ்ந்துகொண்டார்.

அடைக்கு வைத்த நாள் கணக்கு முடிந்தது. அன்று காலை கோகிலா இரண்டு சட்டையும் ஒரு போர்வையும் மலேரியாக் காய்ச்சலுக்குக் கொயினா மாத்திரையும் வைத்து மூட்டை கட்டினாள். கட்டி முடித்துவிட்டு அவர் சட்டைப் பொத்தானை மாட்டிவிட்டாள். ஏச வாய் வரவில்லை, அழுகைதான் வந்தது. அந்த ஒரு நிமிடம் அவர் பொய் எதுவும் சொல்லவில்லை.

"பயமா இருக்கு கோகிலா."

"போயிட்டு வாங்க" என்றாள். மூட்டையை அவர் கையில் கொடுக்காமல் கதவுக்குப் பின்னால் வைத்தாள்.

பங்களா வாசலில் மேலதிகாரியின் மோட்டார் நின்றது. தூறல் போட்டது. பின்பக்கம் ஒகாடாவும் மேலதிகாரியும் கூண்டுக்கு முன்னால் குனிந்திருந்தார்கள். அவர்கள் தலை நனையாமல் கபீர் குடை பிடித்திருந்தார். குடையின் கைப்பிடியில் சிவப்பு நூல் சுற்றியிருந்தது. இதை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று கிராணிக்கு ஒரு நினைப்பு வந்தது. சாகப்போகிறவனுக்குக் குடையைப் பற்றி என்ன ஆராய்ச்சி என்று அதைத் தள்ளிவிட்டார்.

"கிராணி!" என்று கத்தினான் ஒகாடா.

கிராணி கண்ணை மூடிக்கொண்டார்.

"கீச்" என்று ஒரு சத்தம் கேட்டது. பிறகு இன்னொன்று. பிறகு ஒரே கீச்சொலி.

கண்ணைத் திறந்தார். அடைக்கோழியின் இறக்கைக்கடியிலிருந்து குஞ்சுகள் எட்டிப் பார்த்தன. உயிருள்ள, நனைந்த, மஞ்சள் குஞ்சுகள். முக்கால்வாசிக் குஞ்சுகளுக்குக் கழுத்தில் ஒரு மயிர்கூட இல்லை. மொட்டைக் கழுத்தை நீட்டி நீட்டிக் கத்தின.

மேலதிகாரி குஞ்சின் கழுத்தைக் காட்டி என்னவோ கேட்டார். ஒகாடா கிராணியைப் பார்த்தான்.

வேறொருவனாக இருந்தால் அந்த இடத்தில் கொஞ்சம் யோசித்திருப்பான். கிராணிக்கு உயிர் திரும்பிய வேகத்தில் வாயும் திரும்பிவிட்டது. "அதற்குத்தான் துவான் சேவல் வேண்டும் என்றேன்! அடை கிடக்கும்போது கோழி எந்த முகத்தைப் பார்க்கிறதோ குஞ்சும் அந்த ஜாடையில்தான் வரும்!"

"உங்க மூஞ்சியையுந்தான் தினம் பார்த்துச்சு கிராணியார்" என்றார் கபீர் தமிழில், மெதுவாக. "நல்லவேளை."

மேலதிகாரிக்கு மகிழ்ச்சி. விமானத் திடலில் சிப்பாய்களுக்காக ஒரு கோழிப்பண்ணை வைக்க வேண்டுமாம், அதற்கு ஒகாடாதான் தலைவனாம். நாளைக்கே பத்து பெரெண்டாமுக்கு மாற்றல். நாலு கோழி, குஞ்சு, சேவல் எல்லாவற்றையும் லோரியில் ஏற்றிக்கொண்டு போகிறான். ஒகாடா கிராணியின் முதுகில் ஓங்கித் தட்டி, இரண்டு சிகரெட்டைக் கையில் திணித்தான்.

"நீயும் வருகிறாயா? பண்ணைக்கு ஆள் வேண்டும்."

"துவான், எனக்குக் கோழி வாசனை ஒத்துக்கொள்ளாது. இழுப்பு" என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமினார் கிராணி. அதையும் நம்பினான்.

கிராணி வீட்டுக்கு நடந்து வரவில்லை, மிதந்து வந்தார். கதவுக்குப் பின்னால் இருந்த மூட்டையைத் தானே அவிழ்த்தார். கோகிலா சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றுவிட்டாள். திரும்பி வந்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"சேவல் இல்லாத வீட்டு முட்டை எப்படிங்க பொரிச்சது?"

"அதெல்லாம் உனக்குப் புரியாது. சேவல் பக்கத்துல நின்னாலே போதும். அந்தக் காத்து பட்டாலே போதும். நான் ஆரம்பத்துலயே சொன்னேன், நீங்க யாரும் கேக்கல."

"பொரிச்சதுக்கு அம்மன்தான் காரணம். வேற யாருக்கும் அதுல பங்கு இல்ல."

"அம்மன் சைக்கிள் ஓட்டிக்கிட்டு இருக்கா. இது என் மூளை."

மாலையில் பின்வாசலில் பூங்காவனத்தின் குரல் கேட்டது. கிராணி சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு, கடன் தீர்ந்த ஜமீன்தார் தோரணையில் போய் நின்றார். பின்னாலேயே கோகிலாவும் வந்தாள்.

"பூங்காவனம், உன் கொட்டம் அடங்கிப்போச்சு. என் கோட்டையும், குடத்தையும், கூறைப்புடவையையும் உருவிக்கிட்டுப் போனியே, இனிமே இந்த வாசல் பக்கம் வராதே. நாளையிலேருந்து உன் முட்டை எனக்கு வேண்டாம்!"

பூங்காவனம் காலிக் கூடையைக் கவிழ்த்துக் காட்டினாள்.

"அதைச் சொல்லிட்டுப் போகத்தானுங்க நானும் வந்தேன், ஒரு நாள் தவறாம முட்டை போட்டுக்கிட்டு இருந்த பங்களாக் கோழி நாலையும் நாளைக்குப் பத்து பெரெண்டாமுக்கு லோரி ஏத்துறாங்களாமே, இனிமே கபீர் பாய் எனக்கு எதைத் திருடிக் குடுப்பாரு?"